அப்பா பேசாத கலியாணம்

என் அப்பா,

இந்த முறை சித்திரைப் பிறப்பு மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். மைதான வாசலில் பெரிய பதாகை, அதில் வெள்ளைத் தொப்பியோடு அம்பயராக நிற்கிற உங்கள் படம். நினைவுக் கிண்ணத்தை நான்தான் கையால் கொடுக்க வேண்டுமாம். அந்தப் படத்தைக் கடந்து போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறேன். போன வருடம் நடந்ததை உங்களிடம் யார் சொல்லியிருப்பார்கள்? நானே சொல்கிறேன்.

நீங்கள் கண்ணை மூடிக் கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. இறுதியாட்டம் நமக்கும், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் நீங்கள் பிறந்த ஊருக்கும். விதி உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஊரில் பிறந்தவன் ஆடலாம், ஊரில் பெண்ணெடுத்து வந்தவனும் ஆடலாம், பேசி முடித்த மாப்பிள்ளையென்றாலும் சரி. இங்கே ஆண்பிள்ளை கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குத்தானே வருகிறான்? நீங்களும் அப்படி அம்மாவைக் கட்டி இந்தக் கரைக்கு வந்தவர்தான். இரண்டு ஊருக்கும் பொதுவான மனிதரென்று உங்களை நடுவில் நிறுத்தினார்கள்.

நான் பெண்களோடு வேம்படியில் இருந்தேன். நமது பக்கம் யாரோ புதுப் பையன் பந்து போட ஓடி வந்தான். மைக்கில் சொல்கிறார்கள்: "மாங்கேணி ரூபன், நம்ம அம்பயர் ஐயாட சின்ன மருமகன், ஐயா உசிரோட இரிக்கக்குள்ளயே பேசி முடிச்ச மாப்பிள்ள!"

பக்கத்து வீட்டு ராணி மாமி என் தொடையில் கிள்ளினார். "என்னகா, எங்களுக்கும் சொல்லாம மறைச்சிட்டாய்?"

என் கலியாணம் பேசியதை நான் மைக்கில்தான் கேட்டேன், அப்பா.

செய்தது நமது அணித் தலைவனான அண்ணன்தான். வெளியூர்ப் பந்துவீச்சாளனை இறக்க அவனுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், எதிர்த்துப் பேச முடியாத ஒரு அப்பாவும் இருந்தார். உங்கள் ஆண்டுத் திவசம் முடியாமல் கலியாணம் வைக்க முடியாது என்பதும் அவனுக்கு வசதியாகப் போயிற்று. ஒரு வருடத்துக்கு யாரும் நாள் எப்போது என்று கேட்கமாட்டார்களே. கிண்ணம் நமக்கு வந்தது. படுவான்கரைக்காரர் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. உங்கள் பெயரைச் சொன்ன பிறகு எப்படித் திறப்பார்கள்?

பள்ளிக்கூடத்தில் அண்ணன் பக்கத்துப் பையனைப் பார்த்தெழுதி அகப்பட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? "எல்லாரும் செய்யிறதுதானே" என்றான். நீங்கள் அவனை அடிக்கவில்லை, சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனீர்கள். கெரம் ஆடும்போது உங்கள் விரல் பட்டுக் காய் அசைந்தால், நாங்கள் காணாவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுவீர்கள். நான் அதைக் கற்றுக்கொண்டேன். அண்ணனோ, நாங்கள் காணவில்லை என்பதை மட்டும் கற்றுக்கொண்டான் போல.

திவசம் முடிந்தது. ரூபன் வாழைச்சேனையில் கட்டிக்கொண்டு போய்விட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, ஒரு நாளும் என்னோடு அவன் கதைத்ததே இல்லை. ஆனால் ஊர் கதைத்தது. பேசி முடித்தது குழம்பியதென்றால் பெண்ணில்தானே குறை? கொக்கட்டிச்சோலையிலிருந்து வரவிருந்த நல்ல இடமொன்று வழியிலேயே திரும்பிவிட்டது. அழுதேன். அதையும் தாங்கிக்கொண்டேன்.

தாங்க முடியாதது இனித்தான். மாசியில் வாவியைக் கடந்து பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவருடைய மகன் தயா அண்ணன்தான் அன்று அவர்களின் அணித் தலைவர். அது பொய், என் அப்பா அப்படியொன்றும் பேசவில்லை என்று அவரிடமே நேரே சொன்னேன். தயா அண்ணன் வலையைத் தைத்தபடியே சொன்னார்:

"நீ சொல்றாய், நான் நம்புறன் புள்ள. ஆனா இஞ்ச எல்லாரும் என்ன கதைக்கிறாங்க தெரியுமா? மனிசன் சாகமுதலே ஏற்பாடு செஞ்சிட்டுத்தான் போயிருக்காராம். பொண்ணெடுத்த ஊருக்குத்தான் கடைசிமட்டும் நிண்டாராம்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "முந்தி ஒரு பைனல்ல சித்தப்பா எனக்கு ரன் அவுட் குடுத்தார். அண்டைக்கு நான் ஒரு கதையும் கதைக்கல்ல. இப்ப அதையும் நினைச்சுப் பாக்கிறன்."

தோணியில் திரும்பி வரும்போது எனக்கே ஒரு எண்ணம் வந்தது, அப்பா. அந்த ரன் அவுட், அது அவுட்தானே? ஒரு தரமாவது இந்தப் பக்கம் சாய்ந்தீர்களா? உங்களைப் பற்றி இப்படி நினைத்ததற்காக என் கன்னத்தில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அண்ணனின் பொய் என்னையும் விடவில்லை.

அவனிடம் சண்டை போட்டேன். "ஒரு கப்புக்குச் சொன்ன கதை. ஆருக்கு நட்டம்?" என்கிறான். அம்மா என் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார்: "சும்மா இரிகா. போனது போகட்டும். மறுகா உன்ன ஆரும் கட்டமாட்டாங்க, அண்ணனும் இந்த வாசலுக்கு வரமாட்டான்." அம்மா சொல்வது அத்தனையும் நடக்கும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் இறுதியாட்டத்துக்கு இரண்டு ஊரும் வரும். கிண்ணம் கொடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். உங்களுக்கு வாக்குத் தருகிறேன், அப்பா: முதலில் மைக்கைக் கேட்டு வாங்குவேன். என் அப்பா எனக்கு மாப்பிள்ளை பேசவில்லை, சொன்னது என் அண்ணன் என்று சொல்வேன். போன வருடக் கிண்ணம் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதைக் கையோடு கொண்டுபோய் தயா அண்ணனிடம் கொடுப்பேன். அவர் வாங்காவிட்டால் அவர் காலடியில் வைத்துவிட்டு வருவேன்.

அன்று தயா அண்ணன் அந்த ரன் அவுட்டை மறுபடி நம்புவாரா? தெரியவில்லை, அப்பா.

உங்கள் சின்ன மகள்,
யாரும் பேசி முடிக்காத
வதனி