கதவை மூடியவன் பேசிய படம்

வெள்ளி, மார்ச் 5

மேல்காற்று. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் தூசி மேசை முழுவதும். வாய்தா வழக்கு இரண்டு. இரண்டும் மீண்டும் வாய்தா.

மாலையில் ஊரிகம் தொழிலாளர் குடியிருப்பு லைனின் படிப்பக நிர்வாகி தங்கவேலு வந்தார். ஞாயிறன்று மைதானத்தில் படமாம். சுரங்க அதிகாரிகளின் கிளப்பார் இரவல் தந்த ரீல்கள். வெளிநாட்டில் வீட்டுக்குள்ளேயே டெலிவிஷன் பெட்டியில் வாரந்தோறும் வருபவை. விண்வெளிக் கப்பலில் திரிபவர்களின் கதைகள். திரையருகே நின்று மைக்கில் தமிழ் சொல்ல ஆள் வேண்டும். வழக்கமாகச் சொல்பவருக்கு அன்று ஷிப்ட். ஒப்புக்கொண்டேன். நிபந்தனை: முன்னதாக ஒரு முறை நான் பார்த்தாக வேண்டும்.

பிறகு பெருமாள். மகளுக்குத் திருமணம். அழைக்கப் போன தாம்பூலத் தட்டை லைனில் எவரும் தொடவில்லை; தொட்டால்தான் அழைப்பை ஏற்றதாகும். சுரங்கத் தீயின்போது, புகை பரவாமல் தடுக்கும் கதவை விதிப்படி மூடிய மேஸ்திரி இவர். உள்ளே சிக்கி இறந்தவர் முனுசாமி. விசாரணையில் நான்தான் இவருக்கு வக்கீலாக ஆஜரானேன். குற்றமில்லை என்று முடிவாயிற்று. லைன் அம்முடிவை ஏற்கவில்லை. முனுசாமியின் மனைவி அமராவதி தட்டைத் தொட்டால் மற்ற வீடுகளும் தொடும். அந்த வாசலுக்கு மட்டும் இவர் போகவில்லை.

"இன்னா மூஞ்சிய வெச்சிகினு போவறது சார்."



சனி, மார்ச் 6

கிளப் பின்னறையில் ரீல்கள் பார்த்தேன். இன்னும் வியப்பு அடங்கவில்லை.

முதல் கதையின் வில்லன், வெப்பத்தைத் தின்னும் மூடுபனி. அதைச் சுடவில்லை. பசி என்று கண்டறிந்து, எரியும் விண்மீன் ஒன்றின் பக்கம் ஓட்டிவிட்டனர்.

இரண்டாவது: காற்றில்லாத கிரகம், நிலத்துக்கடியில் ஊர். காற்றுக்குப் பொறுப்பான அதிகாரி நடுக்கதவை மூடிவிட்டான். கீழ்ப்பாதி ஊர் மாண்டது. சிவந்த கண், கன்னத்தில் வெட்டு, சிரிப்பு என எதிர்பார்த்தேன். வந்தவனோ களைத்த முகமும் தாழ்ந்த குரலும் உடையவன். கப்பல்காரர்கள் அவனைக் கொல்லவில்லை, பேசவிட்டனர். பின் இறந்தோரின் உறவினர் முன் நிறுத்தினர். அத்துடன் படம் முற்றும். நம் மேடை வில்லனுக்கு வசனம் உண்டு, வாக்குமூலம் கிடையாது.

தங்கவேலுவுக்குத் திருப்தியில்லை. "இன்னா சார், வில்லன் சாவலியா? ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க. நீங்களே சாவடிச்சுடுங்க. இங்கிலீஷ் யாருக்குத் தெரியும்? போன தபா சொன்னவரு ஈரோவோட மாமனாரையும் சேத்து சாவடிச்சாரு. ஜனங்க கை தட்டுனாங்க."

சாட்சி சொல்லாததை மொழிபெயர்ப்பவன் சொல்லலாகாது என்றேன். ஆயினும் கலக்கம். பெருமாளும் வருவார், அமராவதியும் வருவார்.

ஞாயிறு, மார்ச் 7

காற்று இல்லை. திரை அசையவில்லை. நல்ல கூட்டம்.

அதிகாரி தோன்றியதும் கூச்சல். "நிலாவுக்கே போய்ட்டாங்க, இவன புடிக்க இம்மாம் நேரமா?" சிரிப்பு.

அவன் பேசத் தொடங்கினான். ஒரு வரியைத் தாண்டிவிடலாம் என்ற சபலம். தாண்டவில்லை. உள்ளபடியே சொன்னேன்: "உள்ளேயிருந்து தட்டினார்கள். கேட்டது. கேட்டுக்கொண்டேதான் மூடினேன்."

மைதானம் அடங்கிற்று. ஒவ்வொரு வில்லனையும் கல்லால் அடிக்கும் கூட்டம் இது. ஒரு பீடிகூடப் பற்றவில்லை. 

பெண்கள் பக்கம் அமராவதி எழுந்து நின்றார். "அந்தப் பேச்ச இன்னொரு தபா சொல்லுங்க சார்."

ஆபரேட்டர் படத்தை நிறுத்தினார். மறுபடி சொன்னேன். உட்கார்ந்துகொண்டார்.

சுவரோரம் பெருமாள். முகம் தெரியவில்லை.

திங்கள், மார்ச் 8

கோர்ட்டுக்குப் போகவில்லை. காலையிலேயே பெருமாள் தட்டுடன் வந்து, கூட வரும்படி அழைத்தார்.

அமராவதி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தட்டைப் பார்க்கவில்லை.

"அவுரு தட்டுனது உனுக்குக் கேட்டுச்சா?"

விசாரணையில் எவரும் கேட்காத கேள்வி. பதில் சொல்லாதே என்று தடுக்க என் கை தானாக எழுந்தது. தொழில் பழக்கம். இறக்கிக்கொண்டேன்.

"கேட்டுச்சும்மா."

"அப்பறம்?"

"கதவாண்டயே குந்திகினு இருந்தேன். ஓடச் சொன்னாங்க, போவல. பேர் சொல்லி கூப்டுகினே இருந்தேன். சத்தம் நிக்கிற வரிக்கும்."

அமராவதி முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"மயக்கத்துலயே பூட்டாரு, ஒண்ணும் தெரியாதுன்னாங்க எல்லாரும். நான் நம்பல. தனியா கெடந்து பூட்டாருன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

முறத்தை ஓரமாக வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணுக்கு நலங்கு என்னிக்கு?"