மூன்றாம் ரகத்தைத் தொடாதே

தம்பி,

ராத்திரி கோபித்துக்கொண்டு போனவன் இன்னும் வரவில்லை. போனையும் அணைத்து வைத்திருக்கிறாய். வந்ததும் முதலில் சாப்பிடு, அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன்.

"உனக்கு எதைப் பாத்தாலும் நோய்தான்க்கா"ன்னு கத்தினாயே, ஆய்வகத்திலிருந்து இப்போது சொல்லிவிட்டார்கள். நாம் சோதித்துப் பார்க்கிற தக்காளி ரகங்களில் மூன்றாவது, நீ தலையில் தூக்கி வைத்து ஆடுகிற அதே ரகம், வாடியது வெயிலால் இல்லை, வைரஸால். கை பட்டாலும் சட்டை உரசினாலும் அடுத்த செடிக்குத் தாவிவிடும். காய்ப்பில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து வரிசையிலும் இலைகள் வெளிறிக்கொண்டு வருகின்றன.

பசுமைக்குடிலைப் பூட்டப் போகிறேன். நாற்று கேட்டு விதைக் கம்பெனிக்காரர் வீட்டுக்கு வருவார். சிரித்துப் பேசியே காரியத்தை முடிக்கிற மனுஷன். டீ கொடு, மாற்றுச் சாவியை மட்டும் கொடுத்துவிடாதே. நேற்றுப் போட்ட துணியோடு நீயும் அந்தப் பக்கம் வராதே.

நீ எழுந்து போனதும் பின்னாலேயே கதவை அறைந்து சாத்தியிருக்கக் கூடாது. நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா?

பி.கு. கிளம்பும்போது நம் வண்டி ஓட்டுநர் போனில் கூப்பிட்டார். "மூணாவது ரக நாத்து முதல் லோடு நேத்து சாயங்காலமே போயிடுச்சுக்கா, தம்பிதான் ஏத்தச் சொன்னாரு. வழியில கம்பெனி வண்டிக்கு மாத்திட்டாங்க, அப்புறம் எங்க போச்சுன்னு தெரியல" என்கிறார். அதனால்தான் பேச்சை முடிக்காமலே எழுந்து போனாயா? திட்ட மாட்டேன்டா. அந்த நாற்று யார் யார் குடிலுக்குப் போனது என்று மட்டும் சொல். சாப்பாடு அப்புறம் ஆகட்டும்.

அக்கா