குறுக்கே அளந்த படலம்

உபே, 6 அக்டோபர் 2003

ஷிஹோவுக்கு,

கோஃபுவில் திராட்சை அறுப்பு முடிந்திருக்கும். நீ அனுப்பிய பெட்டியை ஆபீஸில் திறந்தது என் தப்பு, எனக்கு ஒரு கொத்துகூட மிஞ்சவில்லை. மின்னஞ்சல் உன் பேராசிரியர் கண்ணிலும் படும் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

நீ செய்த பாலிஇமைடு பிளாஸ்டிக் படலத்தை எங்கள் கம்பெனியில், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்துக்குள் வைத்துப் பார்த்தோம். புரோட்டான் ஓடவில்லை, நொண்டுகிறது. கூடப் படித்த காலத்திலிருந்து நாம் படலத்தைப் பட்டையாக வெட்டி நீளவாக்கில்தான் புரோட்டான் கடத்தும் திறனை அளந்துவந்தோம். கலத்திலோ புரோட்டான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊடுருவ வேண்டும். அப்படிக் குறுக்கே அளந்தால் உன் எண்ணில் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

அந்த எண்ணை வைத்து நீ எழுதிய கட்டுரையை நம்பித்தான் அடுத்த மாதம் உன் வேலை நிரந்தரமாகிறது. தெரிந்தும் எழுதுகிறேன். திட்டிக்கொள்.

தோமோயே

கோஃபு, 14 அக்டோபர்

தோமோயேவுக்கு,

மூன்று நாள் திட்டினேன். பிறகு நானே குறுக்கே அளந்தேன். உன் எண்தான் வந்தது.

அமிலத் தொகுதிகளைப் பாலிமர் சங்கிலியில் கொத்துக் கொத்தாகச் சேர்த்தால், தண்ணீர் தங்கி, புரோட்டானுக்குத் தொடர்ந்து வழி கிடைக்கும் என்று எழுதினேன். கிடைத்தது. ஆனால் சங்கிலிகள் விறைப்பானவை. கண்ணாடித் தட்டில் ஊற்றி உலர்த்தும்போது பாய் விரித்தமாதிரி படுத்துவிடுகின்றன. வழியும் கூடவே படுத்துவிட்டது.

பேராசிரியர் ஹொசகாவிடம் சொன்னேன். "எல்லாரும் நீளவாக்குலதானம்மா அளக்கறாங்க. நீ பொய் ஒண்ணும் எழுதலையே. வேலை கைக்கு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார். பொய் எழுதவில்லைதான். ஆனால் 'கலத்துக்கு ஏற்ற படலம்' என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறேனே. இன்று கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் அனுப்பிவிட்டேன்.

ஷிஹோ

உபே, 20 நவம்பர்

ஷிஹோவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நேற்று ஹொசகா போன் செய்தார். தேர்வுக் குழு உன் பெயரை நீக்கிவிட்டதாம். "அந்த இடம் காலியாத்தான் இருக்கு. தப்பைக் கண்டுபிடிச்சவளே நீதான், நீயே வந்துடேன்" என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

இங்கே மார்ச்சோடு எங்கள் பிரிவை மூடுகிறார்கள். எனக்கு வேலை வேண்டும், மறைக்கவில்லை. ஆனால் நீ வேண்டாம் என்றால் போகமாட்டேன்.

தோமோயே

கோஃபு, 1 டிசம்பர்

தோமோயேவுக்கு,

வா. நீ மறுத்தால் அந்த இடம் எனக்கு வரப்போவதில்லை. எனக்காக மறுத்தாய் என்ற பாரம்தான் வரும். நாகானோவில் ஒரு பெயின்ட் ஆலையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. மார்ச்சில் கிளம்புகிறேன்.

அமிலத்தைப் பக்கக் கிளைகளில் வைத்துச் செய்த படலங்கள் ஆய்வகத்தில் இரண்டாவது அலமாரியில் இருக்கின்றன. அந்தச் சங்கிலிகள் இவ்வளவு விறைப்பானவை அல்ல, குறுக்கேயும் வழி கிடைக்கலாம். நேரம் கிடைக்கும்போது பார்.

கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. நீ செய்ததில் தப்பில்லை. இருந்தாலும் கோபம் இருக்கிறது. கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே. எழுதினால் நான் பதில் போட்டுவிடுவேன்.

ஷிஹோ