கோடு தாண்டிய கை

அப்பிச்சி,

நேற்று சாயங்காலம் முட்டை ஷெட்டில் வேலை முடிந்து நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். பக்கத்துத் தள்ளுவண்டிக்காரர் மிளகாய் ஊறப்போட்ட வினிகர் பாட்டிலைத் திறந்தார். உங்கள் தகரப் பெட்டியின் வாசம் அப்படியே வந்தது. கெட்டுப்போன பழைய பிலிமுக்கு வரும் அந்தப் புளித்த வாசம். என் பஸ் வந்து, நின்று, போய்விட்டது. நான் ஏறவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று உங்கள் பேத்தியிடம் நீங்கள் கேட்டுக்கொண்டதை நான் சொல்லிவிட்டேன்.

நான் எட்டாவது படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் உங்கள் படம் போட்டார்கள். உங்கள் படம் என்று நம் வீட்டில்தான் சொல்வோம். எழுத்துப் போடும்போது உங்கள் பெயர் வராது. ஒளிப்பதிவாளர் பெயருக்குள் உதவியாளர்கள் எல்லோரும் அடக்கம், அதுதான் அப்போது வழக்கம் என்பீர்கள். அந்தப் படத்தில் ஊரை அடித்துக்கொண்டு போகும் வெள்ளம், சேலத்து ஸ்டுடியோவின் பின்பக்கம் ஒரு இரும்புத் தொட்டிக்குள் நீங்கள் வரவழைத்தது. கேமராவை வேகமாக ஓட்டினால்தான் திரையில் தண்ணீர் மெதுவாக, கனமாக விழும் என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. அந்த ஸ்டுடியோவில் அதற்கு முன் அதைச் செய்தவர் யாரும் இல்லை.

வெள்ளத்தில் பிரிந்த அண்ணனும் தம்பியும் கடைசியில் சந்திக்கிறார்கள். இரண்டு வேஷமும் ஒரே நடிகர். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னீர்கள்.

"மூஞ்சியப் பாக்காத சாமி. தம்பிக்காரன் கையப் பாரு."

பார்த்தேன். அண்ணனை நோக்கி நீண்ட கையில் விரல் நுனிகள் இல்லை. கண் சிமிட்டுவதற்குள் திரும்ப வந்துவிட்டன.

அன்று சாயங்காலம் வரை அதைப் பற்றியே பேசினீர்கள். லென்ஸின் ஒரு பாதியைக் கருப்பு அட்டையால் மறைத்து அண்ணனை எடுத்தது, பிலிமைக் கேமராவுக்குள்ளேயே பின்னால் சுற்றியது, அட்டையை மறு பாதிக்கு மாற்றித் தம்பியை எடுத்தது. நடுவே நடிகர் வேஷம் மாற்றி வர மூன்று மணி நேரம். கேமரா ஒரு நூல் நகர்ந்தாலும் இரண்டு பாதியும் ஒட்டாது என்று, சாப்பிடக்கூடப் போகாமல் நீங்கள் அதன் காலடியிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். "ஏம்ப்பா, கேமராவுக்கு முனியப்பன் காவலா நீ?" என்று மேனேஜர் கேலி செய்தாராம்.

தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தீர்கள். அதைத் தாண்டும் எதுவும் அட்டைக்குப் பின்னால் மறைந்துபோகும். நடிகருக்குப் பத்துத் தடவை சொல்லியும், தம்பியாக நடித்தபோது அவர் நிஜமாகவே அழுது, கையை நீட்டிவிட்டார். டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். லைட் பிடித்தவர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். கை கோட்டைத் தாண்டியதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

"வாயத் தொறக்கல சாமி. அத்தன பேரும் அழுதுட்டு நிக்கறாங்க, மறுக்கா எடுக்கோணுமுன்னு எப்படிச் சொல்றது?" பிறகு, "இத்தன வருசமா ஒருத்தரும் பாக்கல. நீயும் யாருகிட்டயும் சொல்லிப்போடாத" என்றீர்கள். நான் தலையாட்டினேன். மற்ற வேலைகளைச் சொல்லும்போது வராத ஒரு வெட்கம் அப்போது உங்கள் முகத்தில் இருந்தது.

அடுத்த வருஷம் உங்களுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போனது. அம்மா மில் ஷிப்டை விட முடியாது, அதனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லக்கூடக் கூச்சப்பட்ட எனக்கு, வாய் பேசாத உங்களோடு இருப்பது கஷ்டமாக இல்லை.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார். பழைய ஸ்டுடியோக்களின் தந்திரக் காட்சிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். மாமா அன்று தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல, லாரி பாடி பட்டறையை மூடிவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். உங்களுக்காகத்தான் அப்படிப் பேசினார், எனக்குத் தெரியும். ஆனால் பேசப் பேச, நீங்கள் செய்யாத படங்களையும் உங்கள் கணக்கில் சேர்த்தார். அதில் ஒன்று பம்பாயில் எடுத்தது. அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். மாமா தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். பிலிம் எல்லாம் ஒட்டிக்கொண்டு கட்டியாகிக் கிடந்தது.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் அந்த அம்மா. "டைட்டில்ல பேர் இல்ல. அந்த அண்ணன் தம்பி ஷாட்ட எடுத்தவருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் ஏதாவது ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க. போதும்."

மாமா உங்களைப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

நான் டீத் தட்டோடு நின்றிருந்தேன். ஒரே வாக்கியம்தான், நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சொல் என்கிறீர்களா, சொல்லாதே என்கிறீர்களா என்று உங்கள் முகத்தில் தேடினேன். இழுத்துக்கொண்டதிலிருந்து உங்கள் வலது கண்ணில் எப்போதும் நீர் வடியும். அன்றும் வடிந்தது. அதை வைத்து நான் என்ன தெரிந்துகொள்வது? டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அடுத்த மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். தை மாதம் புத்தகம் வந்தது. அந்தக் காட்சிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியாத வேலை என்று, ஒளிப்பதிவாளரின் பெயர் போட்டு எழுதியிருந்தது. மாமா அதைத் தூக்கி அலமாரி மேல் எறிந்துவிட்டுச் சாப்பிடாமல் போனார்.

அந்த அம்மாவின் நம்பருக்கு மூன்று நாள் போன் செய்து, குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். நாலாம் நாள் பேசினேன். கோடு, கை, விரல்கள், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே கண்ணு. படத்தப் பாக்கற யாரு வேணும்னாலும் இதக் கண்டுபிடிச்சிருக்கலாம்னு சொல்வாங்க. உறுதி பண்ண இப்ப அவர் இல்லையே" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

போன மாதம் ஒரு கல்லூரியில் அவர் பேசிய வீடியோ என் போனில் வந்தது. அந்தக் காட்சியைத் திரையில் போட்டு, சரியான இடத்தில் நிறுத்தினார். விரல் இல்லாத கை பெரிதாகத் தெரிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். எவ்வளவு பெரிய கலைஞருக்கும் ஒரு சறுக்கல் உண்டு என்று சொல்லி, அந்த ஒளிப்பதிவாளரின் பெயரைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வேலைதான் உங்கள் பெயரில் இல்லை என்று இருந்தது, அப்பிச்சி. இப்போது பிழையும் இல்லை. அதை எடுத்துக் கொடுத்தவள் நான். அன்று என்னைப் பார்த்த உங்கள் பார்வை சொல் என்றுதான் கேட்டதா என்று இன்னமும் எனக்குத் தெரியாது. டீத் தட்டை ஏந்தியபடியே நான் அதன் முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன்.