மஞ்சள் இல்லாத இரண்டாவது காகிதம்

சென்ற சனிக்கிழமை என் வீட்டுக்காரருடைய கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கத் தேக்கா சந்தையின் மாடிக்குப் போயிருந்தேன். படியேறி முடிப்பதற்குள் இஸ்திரிப் பெட்டியின் ஆவி முகத்தில் அடித்தது. சூடான துணியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. உன் தையல் கடையின் வாசனை. கை நீட்டிய தையல்காரரிடம் பையைக் கொடுக்கத் தோன்றாமல் நின்றுவிட்டேன். "என்னம்மா, ஷார்ட் பண்ணணுமா, லூஸ் பண்ணணுமா?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். அழுகை வரும் என்று பயந்தேன். கோபம்தான் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. மூளையில் ரத்தம் கசிந்து, மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து போய்விட்டாய். முப்பத்தொரு வயது. உன் அம்மாவுக்கு அடுத்தபடி அதிகம் அழுதவள் நான்தான் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அது முடிந்து ஆறாவது வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. உன் கடைக்குக் கடன் கொடுத்த நிறுவனம் அனுப்பியது. கடன் வாங்கியவர் இறந்துவிட்டதால் பிணைக் கையெழுத்துப் போட்டவர் கட்ட வேண்டும் என்று எழுதி, கீழே தொகையைப் போட்டிருந்தார்கள். வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரம் வெள்ளி.

நான் கையெழுத்துப் போட்டது இருபதாயிரத்துக்கு. அப்படித்தான் எனக்குத் தெரியும். அப்படித்தான் இவரிடமும் சொல்லியிருந்தேன்.

பாலிடெக்னிக்கில் நாம் இரண்டு பேரும் கணக்கியல்தான் படித்தோம். நான் அதையே வேலையாக்கிக்கொண்டேன். நீ மூன்றாம் ஆண்டிலேயே வகுப்புப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கத் தொடங்கிவிட்டாய். துணி வாங்கச் சிராங்கூன் சாலைக்குப் போகும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவாய். "விலையில பாதி சொல்லு. சொல்லிட்டு வாயை மூடிக்கோ" என்பாய். என்னால் மூட முடியாது. கடைக்காரர் முகத்தைச் சுளித்த மறுகணமே, "சரிண்ணே, கூட அஞ்சு வெள்ளி போட்டுக்கோங்க" என்று உளறிவிடுவேன். ஒருமுறை ஒரு கடைக்காரர் உன்னிடம், "அடுத்த தடவ நீ வராதே லா, இந்தப் பொண்ண மட்டும் அனுப்பு" என்றார். ரயில் நிலையம் வரை சிரித்துக்கொண்டே வந்தாய். நானும் சிரித்தேன். என் ஏமாளித்தனம் உனக்கு எத்தனை நன்றாகத் தெரியும் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

கடை வைக்கக் கடன் வாங்கும்போது பிணைக்கு என்னைக் கேட்டாய். அப்போது எனக்கு ஆறாம் மாதம். படிவத்தைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வதுபோல நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தாய். மாமியார்கூட, "கடன் பத்திரத்துக்கு யாரும்மா மஞ்சள் வைப்பா?" என்று கேட்டார்.

"முதல் கடைம்மா. பத்திரிகை மாதிரிதான்" என்றாய்.

நான் அந்தப் படிவத்தை முழுக்கப் படித்தேன். கணக்கு படித்தவள் அல்லவா. ஒவ்வொரு பக்கமும் படித்து, எண்ணிலும் எழுத்திலும் இருபதாயிரம் என்று பார்த்து, கையெழுத்துப் போட்டேன். மஞ்சள் வைத்த காகிதம் அழகாக இருந்ததால் கைபேசியில் ஒரு படமும் எடுத்து, வாழ்த்துச் சொல்லி உனக்கே அனுப்பினேன்.

அடுத்த வாரம் போன் செய்தாய். மஞ்சள் எழுத்தின் மேல் ஊறிவிட்டது, ஸ்கேன் செய்தால் தெரியவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றாய். மாலையில் டோபி காட் நிலையத்தில் நான் ரயில் மாறும் இடத்துக்கே புதிய படிவத்தோடு வந்தாய். கூட்டம் இடித்துக்கொண்டு போனது. எனக்குக் கால் வீங்கியிருந்தது. தூணில் சாய்ந்துகொண்டேன். நீ உன் கைப்பையைத் தட்டுபோலப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினாய்.

"அதே பேப்பர்தான்டி. மஞ்சள் மட்டும் இல்ல."

முதல் படிவத்தைத்தான் முழுக்கப் படித்தாயிற்றே. கையெழுத்துப் போட்டேன். நீ என் வயிற்றைத் தொட்டு, "உங்கம்மா ரொம்ப நல்லவ, தெரியுமா?" என்று உள்ளே இருந்தவளிடம் சொன்னாய்.

பணம் கட்டாமல் விட்டால் அவர்கள் என்னைத் திவாலாக்க வழக்குப் போடலாம். கணக்கு வேலையில் இருப்பவள் திவாலானால் அந்த வேலை நிற்காது. எங்களிடம் இருந்ததோ முப்பதாயிரம். புங்கோலில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வீவக அரசு அடுக்குமாடி வீட்டின் சாவி வாங்குவதற்காகச் சேர்த்தது. ஐந்து வருடச் சேமிப்பு. இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போய்க் கேட்டேன். அந்த வழக்கறிஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதிர்த்துப் போராடலாம். ஆனா கையெழுத்து உங்களோடது. செலவும் ஆகும், வருஷமும் ஆகும். முதல்ல பேசிப் பாருங்க, ஒரே தொகையா குறைச்சுத் தருவாங்களான்னு" என்றார்.

பாய லேபாரில் இருந்த அந்த அலுவலகத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். அவளுக்கு ஒன்றரை வயது. பராமரிப்பு நிலையம் அன்று விடுமுறை, மாமியாரும் வெளியே போயிருந்தார். எதிரே உட்கார்ந்தவர் நம் ஆள், ஐம்பது வயது இருக்கும். முதலில் மேடம் என்றார், குழந்தை அவர் பேனாவைப் பிடுங்கியதும் அம்மா என்று மாறினார்.

"தவணையில கட்டினா வட்டி ஏறிக்கிட்டே இருக்கும்மா. ஒரே தடவையா கட்டறதா இருந்தா பேசலாம். நாப்பது."

"நான் சைன் பண்ணது இருபதுக்கு."

அவர் கோப்பை என் பக்கம் திருப்பினார். நாற்பத்தைந்தாயிரம். எண்ணிலும் எழுத்திலும். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து, அவசரத்தில் போட்டதுபோலக் கோணலாக. நான்கு மூலையும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

என் கைபேசியில் பழைய படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்த மஞ்சள் ஃபாரம் ஞாபகம் இருக்கு. நாங்கதான் திருப்பி அனுப்பினோம். அதுக்கப்புறம் அவங்க தொகையைக் கூட்டிக் கேட்டாங்க. கேரண்டருக்குத் தெரியுமான்னு கேட்டேன். தெரியும், பேசிட்டேன்னு சொன்னாங்க."

ஏதாவது பதற்றத்தில் செய்திருப்பாய், அச்சடித்ததில் தவறு நேர்ந்திருக்கும் என்றெல்லாம் அதுவரை உனக்காக நானே காரணம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டிருக்கிறார். நீ பதில் சொல்லியிருக்கிறாய். அதற்குப் பிறகு டோபி காட்டுக்கு வந்து என் எதிரே நின்றிருக்கிறாய்.

அவர் கோப்பில் இன்னொரு குறிப்பையும் படித்தார். சென்ற வருடம் தவணை நின்றபோது, இருபத்திரண்டாயிரம் ஒரே தடவையாகக் கட்டினால் முடித்துக்கொள்கிறோம் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உன்னால் முடியவில்லை. பிணையாளரைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு, "அவ கைக்குழந்தைக்காரி, அவளத் தொந்தரவு பண்ணாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்றிருக்கிறாய்.

"ஃபிரெண்டு மேல அக்கறைதான் போல" என்றார் அவர்.

அக்கறை. அன்று அவர்கள் என்னைக் கூப்பிட்டிருந்தால், கடைசியில் நான் கட்டிய தொகையில் ஆறாயிரம் மிஞ்சியிருக்கும், நீ உயிரோடு இருக்கும்போதே உன்னைக் கேட்டிருப்பேன். நீ என் மேல் வைத்த கருணைக்கும் சேர்த்து வட்டி நான்தான் கட்டினேன்.

"இருபத்தாறு. ஒரே தடவையா" என்றேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என் கைபேசியில் இன்னும் திறந்திருந்த மஞ்சள் படத்தைப் பார்த்தார். குழந்தை பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தாள். என் நாக்கில் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி எல்லாம் வந்து நின்றன. விழுங்கினேன். கடைசியில் அவர் எழுந்து உள்ளே போய்விட்டு வந்தார்.

"இருபத்தெட்டும்மா. மூணு வாரத்துக்குள்ள. இதுக்குக் கீழ எறங்க மேலதிகாரிங்க ஒத்துக்கமாட்டாங்க."

"பாக்கி எதுவும் இல்லன்னு, என் பேரை விடுவிச்சிட்டதா முதல்ல லெட்டர் குடுங்க. அப்புறம்தான் பணம்."

"உஷாரா இருக்கீங்களே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த உஷார் யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

வீட்டில் இவரிடம் இரண்டையும் காட்டினேன், மஞ்சள் படத்தையும் வெள்ளைப் படிவத்தின் நகலையும். என்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிடக் கூடாதே என்ற பயம். இவர் கத்தவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "முதல் பேப்பரை இவ்வளவு ஒழுங்கா படிச்சிருக்கே. அப்ப ரெண்டாவதை ஏன் படிக்கல?" என்று மட்டும் கேட்டார்.

"அவ கொண்டுவந்தா."

"அதான் கேக்கறேன்."

பணத்தைக் கட்டினோம். புங்கோல் வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். கட்டிய முன்பணம் போனது போனதுதான், இனி மறுபடி முதலிலிருந்து வரிசை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் என் கையைப் பற்றி மாமியாருக்கு இப்போது ஒரு பேச்சு கிடைத்திருக்கிறது. குழம்பில் உப்பு கூடினால்கூட, "படிக்காம போட்டுட்டியா?" என்கிறார். விளையாட்டாகத்தான் சொல்கிறார். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

அந்த மஞ்சள் படத்தின் ஓரத்தில் உன் கட்டைவிரல் தெரிகிறது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். நகத்தில் மஞ்சள் ஒட்டியிருக்கிறது. அதைத் தடவியபோது நிஜமாகவே கும்பிட்டாயா, அல்லது திருப்பி அனுப்புவார்கள் என்று அப்போதே கணக்குப் போட்டிருந்தாயா? உன் அம்மாவிடம் கேட்க முடியாது. அவருக்குக் கடன் விஷயமே தெரியாது, நான் சொல்லவும் மாட்டேன். நீ உயிரோடு இருந்திருந்தால் உன் கடை வாசலில் நின்று, வாடிக்கையாளர்கள் முன்னால், உன்னை அசிங்கப்படுத்தியிருப்பேன். நீ என்ன சொல்லியிருப்பாய் என்றும் தெரியும். "திருப்பிக் குடுத்துடுவேன்டி, நீ வேற." நான் நம்பியும் இருப்பேன். அதுதான் என்னை இன்னும் எரிக்கிறது.

இந்த வாரம் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லிப் படிவம் கொடுத்தார்கள். நான்கு பக்கம். இப்போதெல்லாம் எதையும் இரண்டு முறை படிக்கிறேன், பொடி எழுத்து உட்பட. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: பெற்றோர் வர முடியாத நாளில் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம்? பழைய படிவத்தில் அங்கே உன் பெயரும் உன் எண்ணும் இருந்தன. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாவால தூக்கிட்டு வர முடியாது. உன் ஆபீஸ்ல யாராவது பேரைப் போடேன்" என்றார். யோசித்தேன். நல்லவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் முகமாகக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன்.

இன்று காலை அந்த வரியை நிரப்பாமலே கொடுத்தேன். ஆசிரியை அதைத் தொட்டுக் காட்டி, "யாருமே இல்லையா?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு நான் மட்டும்தான்" என்றேன்.