நாய் இல்லாத வீட்டுக்கு வாங்கிய மிஷின்

இயேசு மரி சூசை துணை

வண்ணார்பேட்டை
வியாழக்கிழமை

அன்பு மகள் கிறிஸ்டிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை டைட்டஸும் சின்னவளும் மாதாவின் காவலில் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன், சாப்பிடுகிறேன், சுகர் மாத்திரை தவறவில்லை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ரீபா லீவு முடிந்து சனிக்கிழமை அயர்லாந்துக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். படித்தவுடனே போன் பண்ணாதே, ஒரு நாள் கழித்துப் பண்ணு.

நீ அப்பா அடக்கம் முடிந்து பத்தாம் நாள் கிளம்பிவிட்டாய், அதனால் முப்பதாம் நாள் பூசைச் சாப்பாட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. உன் மாமியார் சாலோமி மைனி முதல் கவளம் எடுக்கும்போதே இலையிலிருந்து ஒரு வெள்ளை முடியைத் தூக்கிப் பிடித்து, மைனி, சோத்துல நாய் முடில்லா கெடக்கு என்றார்கள். வீசிங் உள்ள பிள்ளைய கிறிஸ்மஸுக்கு இந்த வீட்டுலயா கெடத்துவிய, நான் விட மாட்டேன் என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பந்தி முழுக்க என்னையே பார்த்தது, பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வாய்க்கு வந்தபடி, நாய் இப்போ இங்கே இல்லை, ஆழ்வார்திருநகரியில் தேவதாசன் அண்ணன் தோப்புக்கு அனுப்பியாச்சு, இது பழைய முடி என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் உன்னிடமும் அதையே சொன்னேன். அனுப்பவில்லை கிறிஸ்டி. அந்த நேரம் நம் நாய் கப்பித்தான் பின்னால் குளியலறையில் பூட்டிக் கிடந்தது. கூட்டச் சத்தத்தில் அது குரைத்தது யாருக்கும் கேட்கவில்லை. எல்லாரும் போன பிறகு திறந்தேன், கதவைப் பிறாண்டிப் பிறாண்டி முன்னங்கால் நகத்தில் ரத்தம். அதிலிருந்து யார் வந்தாலும் பூட்டுகிறேன், உன்னிடம் பேசும்போதும் பூட்டிவிட்டுத்தான் பேசுகிறேன். எம்மா, கப்பித்தான் தோப்புல நல்லா இருக்கா என்று நீ கேட்டாயே, அண்ணன் இளநீர் வழுக்கை எல்லாம் கொடுக்கிறார் என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை நீ சொன்னபடி தூசி உறிஞ்சும் மிஷின் எடுக்க மைனியோடு கடைக்குப் போனேன். கடைப் பெண் விவரமானவள். தரை டைல்ஸா, கம்பளம் உண்டா, மெத்தை எத்தனை, நாய் பூனை உண்டா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே கேட்டாள். நாய் உள்ள வீட்டுக்கு வேற மிஷின்ம்மா, முடி சிக்காத ரப்பர் உருளை போட்டது, டப்பாவும் பெருசு, காத்து வெளிய வார இடத்துல நல்ல ஃபில்டர் இருக்கும், இல்லன்னா இழுத்த தூசியத் திரும்ப வீட்டுக்குள்ளயே ஊதிரும் என்றாள். என் கை அந்தப் பெரிய மிஷின் மேலேதான் இருந்தது. மைனி பக்கத்தில் நிற்கிறார்கள். நாய் கிடையாது, நான் ஒருத்திதான் என்றேன். அப்போ சின்னதே போதும் என்று பிரஷ் உருளை போட்டதைக் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

மூன்று நாள்தான் ஓடியது. அப்பாவின் மெத்தையிலும் சாய்வு நாற்காலியிலும் ஓட்டினேன், நாலாம் நாள் உருளை நின்று கருகின வாடை வந்தது. நேற்று கம்பெனியிலிருந்து கணேஷ்ராம் என்று ஒருவர் வந்தார், நாற்பது வயதிருக்கும். நாயைப் பூட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். அவர் உருளையைக் கழற்றிக் கத்தரிக்கோலால் அறுத்து அறுத்து எடுத்தார், ஒரு கைப்பிடி வெள்ளை முடி. எம்மா, நாய் இல்லன்னு தாள்ல போட்டிருக்கு, இது என்னது என்று கேட்டார். நான் என் தலையைத் தொட்டுக் காட்டி, எனக்குத்தான் கொட்டுது, வீட்டுக்காரர் போய் நாலு மாசமாகுது, கவலையில கொட்டுது என்றேன். அப்பாவை வைத்துப் பொய் சொன்னேன். அந்த மனிதர் முகம் வாடிவிட்டது. எங்க அம்மைக்கும் அப்படித்தான் கொட்டுச்சு, கரிசலாங்கண்ணி போட்டு எண்ணெய் காய்ச்சித் தேயுங்க, பைய நின்னுரும் என்று சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே கப்பித்தான் குரைத்தது. அவர் என்னைப் பார்க்காமல் திருப்புளியைப் பார்த்துக்கொண்டே, ஒங்க முடி நல்லாத்தான் குரைக்குது என்றார். போய்க் கதவைத் திறந்துவிட்டேன். பூட்டிவைத்தவள் என்ற கோபம் கூட இல்லாமல் அது என் காலை நக்கியது. அந்நிய மனிதர் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நாய் வளக்கதுக்கு என்ன வெக்கம், ஏழு நாளைக்குள்ள சொன்னா மாத்திக் குடுப்பாவ, உள்ளதச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் அனுப்பவில்லை என்று கேட்பாய். அப்பா உயிர் போகும்போது நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அதுவும் உண்மை இல்லை. நான் அடுக்களையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டாரா என்று கூட எனக்குத் தெரியாது. டம்ளரோடு வந்து பார்க்கும்போது முடிந்துவிட்டது, கப்பித்தான் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. கூட இருந்ததை விரட்டிவிட்டு, கூட இல்லாதவள் இந்த வீட்டில் எப்படி இருப்பேன். உன்னை ஏமாற்றியதற்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை மகளே.

இன்று காலை நாய் உண்டு என்று சொல்லி மிஷினை மாற்றிவிட்டேன். நல்லாத்தான் இழுக்கிறது. ஆனால் எவ்வளவு இழுத்தாலும் நாய் உள்ள வீட்டில் முடி இருக்கும், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். சின்னவளுக்கு நாய் ஆகுமா என்று அங்கே டாக்டரிடம் கேள். ஆகாது என்றால் கிறிஸ்மஸுக்கு மைனி வீட்டிலேயே தங்குங்கள். நான் குளித்து வேறு சேலை கட்டிக்கொண்டு தினமும் அங்கே வந்து பிள்ளையைப் பார்க்கிறேன், வாசலில் நின்று பார் என்றாலும் நின்று பார்ப்பேன். இனிமேல் கப்பித்தானைப் பூட்ட மாட்டேன்.

ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். குளிரில் சின்னவளைக் குல்லா இல்லாமல் வெளியே விடாதே. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், உன் மாமியாரிடம் நீ எதுவும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போது நானே அவர்களிடம் சொல்கிறேன். அன்றைக்கும் எல்லார் முன்னாலும்தானே பொய் சொன்னேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ரோசம்மாள்