பங்களாக் கொலையின் கடைசி அத்தியாயம்

இந்திரா நகர், நெய்வேலி
10-8-2025, ஞாயிறு

அன்பு மகள் எழில்மதிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் பெர்த் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை மட்டும் கேட்பதில்லை, துணி எடுக்கிறேன் வடாம் திருப்பிவிடுகிறேன் என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை ஏறுகிறாள், நீ போனில் ஒரு அதட்டல் போடு, நான் சொன்னால் அது செல்லாக்காசு. குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் முதல் ஷிப்டுக்குப் போகிறவனைப் போல விடியும் முன்னே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், போக இடம் இல்லாததால் படிக்கிறேன். போன வாரம் போனில் நீ கேட்டதற்குத்தான் இந்தக் கடிதம். உங்கள் வாசகர் வட்டத்தில் பன்னிரண்டு பேர், முப்பதாம் தேதி கூடுகிறீர்கள், ஆளுக்கொரு பிடித்த புத்தகத்தைச் சிபாரிசு செய்ய வேண்டும், நீ நம் வீட்டில் இருக்கும் பங்களாக் கொலை நாவலின் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டப் போகிறாய், அதை அனுப்பச் சொன்னாய், கூடவே மற்றவர்கள் படிக்க வேறு வேறு வகையில் நாலைந்து புத்தகம் சொல்லுங்கள் என்றாய். சொல்கிறேன். ஆனால் பங்களாக் கொலையைப் பற்றி நான் உன்னிடம் மறைத்த ஒன்று இருக்கிறது எழிலு, நீ அத்தனை பேர் முன்னால் எழுந்து நிற்பதற்குள் அதைச் சொல்லியாக வேண்டும். போனில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன், வரவில்லை, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

பக்கத்துத் தெரு சின்னம்மாளின் மகன் பிரவீன்குமார் பதினெட்டாம் தேதி அங்கே கிளம்புகிறான், இந்தக் கடிதமும் புத்தகங்களும் அவன் பெட்டியில்தான் வருகின்றன. நமக்கு ஆறு கிலோ ஒதுக்கியிருக்கிறான். உன் அம்மா பண்ருட்டிக்குப் போய் இரண்டு கிலோ முந்திரிப் பருப்பு வாங்கி வந்து நின்றாள். முந்திரி அந்த ஊரிலும் கிடைக்கும், இந்தப் புத்தகங்கள் கிடைக்காது என்று சொல்லி ஒரு கிலோவைக் குறைத்துவிட்டேன், அவள் முகம் இன்னும் நேராகவில்லை. புத்தகம் சிபாரிசு செய்வதில் உன் அப்பா கெட்டிக்காரன், இதில் எனக்கு அடக்கம் கிடையாது. முப்பத்தாறு வருஷம் சுரங்கத்தில் கரி ஓடும் கன்வேயர் பக்கத்தில் நின்றவன், ஒரே ஷிப்டில் தஞ்சாவூர்க்காரன் சேலத்துக்காரன் திருநெல்வேலிக்காரன் என்று எல்லோருக்கும் கொடுத்துப் படிக்க வைத்திருக்கிறேன். புத்தகத்தைப் பார்த்துக் கொடுக்காதே, ஆளைப் பார்த்துக் கொடு. கதையைச் சொல்லிவிடாதே. ஆகா ஓகோ என்று புகழாதே, புகழ்ந்தால் எதிரே இருக்கிறவர் குறை கண்டுபிடிப்பதற்கென்றே படிப்பார். பாதியில் திருப்பிக் கொடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வேறொன்றை எடுத்து நீட்டு.

பெட்டியில் வைத்திருப்பவை இவை. படம் போட்ட பாம்புப் புத்தகம் ஒன்று, கதையே படிக்க மாட்டேன் என்கிற ஆள் எந்த வட்டத்திலும் ஒருவர் இருப்பார், அவருக்கு. அதைப் படித்துவிட்டு உன் அம்மா செய்ததைக் கேள். ஜூன் மாதம் நம் தெருச் சாக்கடையில் பாம்பு வந்து ஆளுக்கொரு கம்போடு ஓடிவந்தார்கள், இவள் நடுவில் போய் நின்றுகொண்டு, "சாரைங்க அது, வெசம் கெடையாது, எலியத் தின்னுட்டுப் போவட்டும் வுடுங்க" என்று அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிட்டாள், இப்போது எந்த வீட்டில் பாம்பு வந்தாலும் செங்கமலத்தைத்தான் கூப்பிடுகிறார்கள். அடுத்தது பயணநூல், ஒரு வாத்தியார் ரிடையரான பிறகு ஓர் ஆற்றின் கரையோடு கடல் வரைக்கும் நடந்துபோய் எழுதியது, பசியோடு இருக்கும்போது படிக்காதே, பக்கத்துக்குப் பக்கம் சாப்பிடுகிறார் மனுஷர். கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்றாயே, அவளுக்குச் சிறுகதைத் தொகுப்பு, குழந்தை ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் ஒரு கதை முடிந்துவிடும். கவிதை ஒரு சின்னப் புத்தகம், எடையே இல்லை, அம்மா எடுத்து வைத்தது, எனக்குக் கவிதை பாதிதான் புரியும், மீதிப் பாதிக்குத் தலையாட்டுகிற பழக்கம் என்னிடம் இல்லை. கடைசியாக, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊரைப் பற்றிய நாவல். இதை முதல் கூட்டத்திலேயே கொடுத்துவிடாதே. என்னோடு ஒரே ஷிப்டில் இருந்த உன் ராமசாமி மாமாவுக்கு, கம்மாபுரம் பக்கத்தில் நிலம் கொடுத்த குடும்பம் அவருடையது, இதைக் கொடுத்தபோது மூன்றாம் நாளே கொண்டுவந்து வைத்துவிட்டார். "நான் பட்டத நானே எதுக்குய்யா படிக்கணும்" என்று கேட்டார். ஒரு வருஷம் கழித்து அவரே வந்து கேட்டு வாங்கிப் போய் இரண்டு தடவை படித்தார்.

இப்போது பங்களாக் கொலைக்கு வருகிறேன். அது 1991-ல் புதிதாகத் தொடங்கிய ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை, எங்கள் பிளாக்கில் அந்தப் பத்திரிகையை வாங்கியது நானும் எதிர் குவார்ட்டர்ஸ் சாமியம்மாள் டீச்சரும் மட்டும். வாரா வாரம் தொடரைக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு போட்டு வைப்பது அப்போது பல வீடுகளில் உண்டு. நடுவில் ஒரு வாரம் தவறிப்போனால் இன்னொருவரிடம் வாங்கிக் கையால் நகல் எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்துவிடுவோம். ஆறாவது அத்தியாயமும் பதினாலாவதும் அப்படி நான் டீச்சரிடம் வாங்கி எழுதிச் சேர்த்தவை, நீல மையில் இருக்கும், நீ பார்த்திருக்கிறாய். கடைசி அத்தியாயமும் நீல மைதான். அதனால் அதுவும் நகல் என்றுதான் நீயும் நினைத்தாய், அந்தப் புத்தகத்தைப் படித்த எல்லோரும் நினைத்தார்கள். அது நகல் இல்லை கண்ணு. அது நானே எழுதியது.

அந்த வாரம் அடைமழை, பத்திரிகைக் கட்டு ஊருக்கு வரவே இல்லை, டீச்சருக்கும் கிடைக்கவில்லை, அடுத்த மாதமே பத்திரிகை நின்றும்போய்விட்டது. எனக்கு அடுத்து அதைப் படிக்க வரிசையில் இருந்தவர் ராமசாமி மாமா, டீச்சர் வீட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வாரம் படித்திருந்தார். "கொலகாரன் யாருன்னு நான் கண்டுபுடிச்சிட்டேன்யா, சரியான்னு பாக்கணும், எப்பதான் குடுப்ப" என்று கன்வேயர் இரைச்சலையும் மீறித் தினமும் கத்துவார். அரைகுறைப் புத்தகத்தை நான் யாருக்கும் கொடுத்தது கிடையாது, அந்தக் கௌரவம் எனக்கு. வார ஓய்வு நாள் ஒன்றில் உட்கார்ந்து மத்தியானத்துக்குள் பதினொரு பக்கம் எழுதி பைண்டரிடம் கொடுத்துவிட்டேன். கொலைகாரன் வக்கீல்தான் என்பது எட்டாவது அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டதால் அதில் சிரமம் இல்லை. குரலை வைத்தே அவனைக் காட்டிக்கொடுத்தாளே டெலிபோன் ஆபரேட்டர் செல்வராணி, அவளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். எனக்குக் கல்யாணம் எழுத வரவில்லை, பஸ் எழுத வந்தது. அதனால் கையில் மாற்றல் உத்தரவும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக அவளைத் தனியாக மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், கல்யாணத்தைப் பிறகு பார்க்கலாம் சார் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லவும் வைத்தேன். பெண்கள் முன்னேற்றம் அது இதுவென்று நினைத்து எழுதவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். பிளஸ் டூ முடித்து வடக்கே நிலவியல் படிக்க உனக்கு இடம் கிடைத்தபோது, வயசுப் பெண்ணை இரண்டு நாள் ரயிலில் தனியாக அனுப்ப மாட்டேன், கடலூரிலேயே படிக்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான். நீ அழவில்லை, சாப்பாட்டை ஒதுக்கவில்லை, பங்களாக் கொலையை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்து, "நீங்க படிக்கச் சொன்ன புத்தகம்தானப்பா, இவ போனது சரின்னா நான் போறது மட்டும் தப்பா" என்று கேட்டாய். எழுதியவர் யாரோ பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு நீ கேட்கிறாய், எதிரே கிடப்பது என் கையெழுத்து. அதெல்லாம் வெறும் கதை என்று வாய் வரைக்கும் வந்தது, என் கதையை நானே அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரம் தெருவில் நடந்துவிட்டு வந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் இங்கே புத்தகக் கண்காட்சியில் அந்தத் தொடர் முதல் தடவையாகப் புத்தகமாகி வந்திருந்தது. என்னோடு வந்த ராமசாமி மாமா எனக்கு முன்னால் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்துவிட்டார். அதில் செல்வராணி வேலையை ராஜினாமா செய்துவிட்டு இன்ஸ்பெக்டரைக் கட்டிக்கொள்கிறாள், மேளதாளம் பந்தி எல்லாம் இருக்கிறது. மாமாவுக்கு வந்ததே கோபம், "இன்னாங்க இது, கதைய மாத்தி அச்சடிச்சிக்கினு வந்து விக்கிறீங்க, அந்தப் பொண்ணு பஸ்ஸு ஏறிப் போயிடுச்சி, எங்க பிளாக்குக்கே தெரியும்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார், அந்த மனிதர் திருதிருவென்று விழிக்கிறார். இவரை வெளியே இழுத்துவந்து சுண்டல் வாங்கிக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். பொட்டலத்தைக் காலி செய்து கசக்கி எறிந்துவிட்டு, "அப்ப ஆறாவதும் பதினாலும் யாருதுய்யா" என்று கேட்டார். டீச்சரிடம் வாங்கி எழுதியதுதான் என்றால் நம்பவில்லை, அச்சுப் புத்தகத்தையும் நம் பைண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் வரிக்கு வரி ஒத்துப் பார்த்துவிட்டு நேற்றுதான் திருப்பித் தந்தார். அம்மாவிடம் சொன்னேன், அவள் அரிசி களைவதைக்கூட நிறுத்தவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும், மலை மேல போற பஸ்ஸுக்குக் கூரை நெறைய பலாப்பழம் எங்கேருந்து வந்துச்சாம், நம்ம பண்ருட்டி பஸ்ஸத்தான எழுதி வச்சிக்கினு இருக்கீங்க" என்றாள். முப்பத்துநாலு வருஷமாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவர்கள் இருவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, கவலையெல்லாம் உன்னைப் பற்றித்தான். இந்த ஒரு பக்கத்தை நம்பித்தானே வீட்டை விட்டுக் கிளம்பினோம், அது நம் அப்பா ஓய்வு நாளில் கிறுக்கியதா, ஏமாந்துவிட்டோமே என்று நினைத்துவிடுவாயோ என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். கோபம் வந்தால் கோபித்துக்கொள், எனக்கு அந்தத் தண்டனை நியாயம்தான். அச்சுப் புத்தகத்தையும் கூடவே வைத்திருக்கிறேன், இரண்டு முடிவையும் படித்துப் பார். உள்ளதைச் சொன்னால் நடை தொடரை எழுதிய ஆசிரியருடையதுதான் சுத்தம், என்னுடையதில் ஒரே பத்தியில் நான்கு 'ஆகவே' வருகிறது. இருந்தாலும் எதைச் சிபாரிசு செய்வீர்கள் என்று கேட்டால் கொஞ்சமும் யோசிக்காமல் என்னுடையதைத்தான் கொடுப்பேன். அவருடைய செல்வராணி கல்யாணப் பந்தியோடு முடிந்துபோனாள். என்னுடையவள் பஸ் ஏறிப் போன பிறகு என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியும், ஞாயிறு தவறாமல் போன் செய்கிறாள்.

முப்பதாம் தேதி எதை வாசிப்பது என்பது உன் இஷ்டம். நினைத்தது கைகூடி, நோய்நொடி அண்டாமல், நாலு பேர் மெச்ச நீண்ட காலம் நன்றாக இரு என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். முந்திரியை வந்த அன்றே டப்பாவில் போட்டு மூடு, நமுத்துவிடும். பைண்டை மட்டும் யாருக்கும் இரவல் கொடுக்காதே, வேண்டுமானால் நகல் எடுத்துக் கொடு. என்னுடைய முடிவை வாசித்தாயானால் எழுதியவர் யார் என்று கட்டாயம் கேட்பார்கள், இத்தனை வருஷமாக யாரும் கேட்டதில்லை, இனிஷியலோடு சொல்.

இப்படிக்கு, உன் நலமே நாடும் அப்பா,
வே. கலியமூர்த்தி